நோய் எதிர்ப்புச் சக்தி: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோபி, திருப்பூர் வட்டாரத்தில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்ததும், அப்புறம் ஐப்பசி மழையிலும், ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். வீட்டில் மாற்றி மாற்றிச் சளி, பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா, என்ன கொடுக்கலாம் என்று. ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நோய் எதிர்ப்புச் சக்தி என்பது உடம்பில் எங்கேதான் இருக்கிறது?

ஒரு இடத்தில் இல்லை. தோல் ஒரு வேலி. மூக்கில் ஊறும் சளி, கண்ணீர், எச்சில், வயிற்று அமிலம் எல்லாம் அடுத்த வேலி. அதையும் தாண்டிக் கிருமி உள்ளே வந்தால் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளும். அவை எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. காட்டு வேலையில் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அது என்ன என்று நினைக்கிறீர்கள்? அங்கே இருக்கிற நிணநீர் முடிச்சில் வெள்ளை அணுக்கள் பெருகிக் கிருமியோடு மல்லுக்கட்டுகின்றன. அந்த வீக்கம்தான் நெறி. காய்ச்சலும் அப்படித்தான். உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம் அது.

இன்னொன்று, உடம்புக்கு நினைவு உண்டு. ஒரு முறை தட்டம்மை வந்தவருக்கு மறுபடி வராதது அந்த நினைவால்தான். நோயைக் கொடுக்காமலே அந்த நினைவை மட்டும் கொடுப்பது தடுப்பூசி.

அந்தச் சக்தியை ஏற்றுவதற்குப் பவுடர், சிரப் எல்லாம் விற்கிறார்களே, வாங்கலாமா?

என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எதிர்ப்புச் சக்தி கூடக்கூட நல்லது என்பது முதலில் தவறான எண்ணம். அளவு தப்பினால் அது நம் உடம்பையே தாக்கும். முடக்குவாதம் அப்படி வருவதுதான். தூசி பட்டதும் பத்துத் தும்மல் போடுகிற அலர்ஜியும் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவதில்லை, அது தேவையில்லாத இடத்தில் வேலை செய்வதால் வருகிறது.

நாம் பார்க்க வேண்டியது குறை இருக்கிறதா என்பதைத்தான். புரதம், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, சி, டி, பி12 இதில் எது குறைந்தாலும் எதிர்ப்புச் சக்தி தளரும். குறையைச் சரி செய்தால் தேறும். குறையே இல்லாதவர் மேலும் மேலும் போட்டுக்கொண்டால் கூடுதலாக ஒன்றும் நடக்காது. 600, 700 ரூபாய் டப்பாவைக் கையில் எடுத்து வந்து காட்டுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தக் காசுக்கு நாமக்கல் முட்டை நூறுக்குப் பக்கம் வாங்கலாம்.

சாப்பாட்டை மாற்றினால் நோய் வருவது குறையும் என்பதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் நம் நாட்டிலேயே. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. காசநோய் வந்தவர்களின் வீட்டில் கூட இருக்கிறவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, அதோடு வைட்டமின் மாத்திரை. ஆறு மாதம் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள், வீட்டாருக்கு இல்லை. 2023-இல் முடிவு வெளியானது. அரிசியும் பருப்பும் பெற்ற வீட்டாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது.

இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஒரே வீடு, ஒரே காற்று, பக்கத்தில் இருமுகிற ஆள். கூடுதலாகக் கிடைத்தது அரிசி, பருப்பு, மாத்திரை. அதிலும் பெரும்பங்கு சாதாரண அரிசி பருப்புதான்.

காசநோய் என்றதும் பெருந்துறை நினைவுக்கு வருகிறது. அங்கே காசநோய்க்கென்று சானடோரியம் இருந்தது, அந்தப் பகுதியை இன்னும் சானடோரியம் என்றே சொல்கிறார்கள். மருந்து வராத காலத்தில் உலகமெங்கும் இப்படிப்பட்ட இடங்களில் கொடுத்த வைத்தியம் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. இன்றைக்கு மருந்து இருக்கிறது, ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும். ஆனாலும் எடை ஏறாத நோயாளி தேறுவது கஷ்டம்.

அப்படியென்றால் தினமும் என்னதான் சாப்பிட வேண்டும்?

முதலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிற ஒரு பெண் தன் ஒரு நாள் சாப்பாட்டை எனக்கு எழுதிக் கொடுத்தார். காலை ஏழு மணிக்கு டீ, இரண்டு வர்க்கி. பத்தரைக்கு டீ, ஒரு பன். மதியம் தக்காளி சாதம், உருளைக்கிழங்கு சிப்ஸ். நாலரைக்கு டீ, முறுக்கு. இரவு ஓவர்டைம் முடிந்து வரும்போது கடையில் இரண்டு பரோட்டா. வயிறு நிறைந்திருக்கிறது, பட்டினி இல்லை. ஆனால் அந்த வட்டலில் பருப்பு எங்கே? கீரை, பழம், முட்டை எங்கே? மாதத்துக்கு ஒரு முறை சளி பிடிக்கிறது என்றுதான் அவர் வந்திருந்தார்.

பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் வருகிறது. வெள்ளை அணுக்கள், கிருமியைப் பிடிக்க அவை செய்கிற எதிர்ப்பொருள்கள் எல்லாம் புரதத்தால் ஆனவை என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. நம் அரிசிம்பருப்பு சாதமே நல்ல ஏற்பாடு. அரிசியில் குறைகிற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது, இரண்டும் ஒரே போசியில் வேகின்றன. ஆனால் பலர் வீட்டில் இன்று பருப்பு பேருக்குத்தான் விழுகிறது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்புக்குக் குறையாமல் போடுங்கள், அரை டம்ளர் போட்டாலும் ருசி கெடாது.

அப்புறம் கொள்ளு. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. என் அமுச்சி கொள்ளை லேசாக வறுத்து, இரவே ஊறப் போட்டு, காலையில் விறகடுப்பில் ஏற்றுவார். வெந்த தண்ணீரை வடித்து ரசத்துக்கு எடுத்து வைப்பார். மிச்சத்தைச் சின்ன வெங்காயம், சீரகம், மல்லி, வரமிளகாய், பூண்டு வதக்கிச் சேர்த்து ஆட்டாங்கல்லில் கொரகொரப்பாக ஆட்டி, சுடு சோற்றில் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து தருவார். ஒரே பயறில் குழம்பும் ரசமும் ஆகிவிடும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு' என்று சொல்லி மெலிந்த பிள்ளைகளுக்குக் கொள்ளுக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். கொடுக்கலாம், தாராளமாக.

அந்தத் திருப்பூர்ப் பெண்ணுக்கு நான் மாற்றச் சொன்னது மூன்றே மூன்று. பத்தரை மணி பன்னுக்குப் பதில் அவித்த முட்டை. நாலரை முறுக்குக்குப் பதில் ஒரு கை வேகவைத்த கடலைக்காய். மதியச் சோற்றோடு ஒரு பருப்போ கீரையோ, முந்தைய நாள் இரவே செய்து வைத்தாலும் சரி.

கம்பு, ராகி, சோளம் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

நேரடியாகக் கூடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளை அரிசியைவிடச் சத்து அதிகம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, கம்பில் இரும்பும் துத்தநாகமும். நார்ச்சத்து நம் குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு உணவு. எதிர்ப்புச் சக்தி அணுக்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கின்றன என்பதால் அந்தக் கிருமிகள் நன்றாக இருப்பது நமக்கும் நல்லது. வாரம் இரண்டு மூன்று நாள் களியோ கம்மஞ்சோறோ போதும்.

பழைய சோறும் மோரும் சளி பிடிக்க வைக்கும் என்கிறார்களே?

சளி வைரஸால் வருகிறது, குளிர்ந்த சோற்றால் வருவதில்லை. சோறு தண்ணீரில் ஊறிப் புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன, மோரிலும் தயிரிலும் இருக்கிற அதே வகை. சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் நார்ச்சத்தும் சேர்ந்துகொள்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஊற்றுகிற தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும், போசி சுத்தமாக இருக்கட்டும். மறுநாள் காலையில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், வெயில் காலத்தில் மத்தியானம் வரை வைக்காதீர்கள்.

ரத்தசோகைக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் சம்பந்தம் உண்டா? கீரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே?

சம்பந்தம் உண்டு. இரும்புச் சத்துக் குறைந்தால் வெள்ளை அணுக்கள் பெருகுவதும் வேலை செய்வதும் மந்தமாகும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பாதிக்கு மேல்! ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இருந்தால் இருவரில் ஒருவருக்கு இருக்கலாம்.

கீரை சாப்பிட்டும் ஏறாததற்குப் பெரும்பாலும் டீ காரணம். சாப்பாட்டோடோ சாப்பிட்ட கையோடோ டீ, காபி குடித்தால் அதிலிருக்கிற டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மாறாக, கீரைப் பொரியலில் கடைசியாகப் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பொடக்காளியில் முருங்கை இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் காடு காடாகவே முருங்கை நிற்கிறது. காயை மட்டும் பறித்துவிட்டு இலையை ஆட்டுக்குப் போடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை என்று மழை பெய்ததும் காட்டில் தானாக முளைப்பவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

வயிற்றில் பூச்சி இருந்தாலும் ரத்தம் ஏறாது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாளில் பிள்ளைகளை லீவு போட வைக்காதீர்கள். ஹீமோகுளோபின் மிகவும் குறைவாக இருந்தால் கீரை மட்டும் போதாது, இரும்பு மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

வைட்டமின் சி மாத்திரை தினமும் போட்டால் சளி வராதா?

வரும். இதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தினமும் வைட்டமின் சி எடுத்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம், குழந்தைகளுக்கு 14 சதவீதம் சீக்கிரம் விட்டது, அவ்வளவுதான். ஏழு நாள் சளி ஆறரை நாளில் போகும். மாரத்தான் ஓடுகிறவர்கள், கடும் குளிரில் பயிற்சி எடுக்கிற ராணுவ வீரர்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்தது. சளி பிடித்த பிறகு மாத்திரை போட ஆரம்பித்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு வேண்டியது ஆண்களுக்கு 80 மில்லிகிராம், பெண்களுக்கு 65. ஒரு நடுத்தரக் கொய்யாக்காயிலேயே அது தாண்டிவிடும், 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஆரஞ்சில் அதில் கால்வாசிதான். பெரிய நெல்லிக்காயும் கொய்யாவுக்குக் குறைந்ததில்லை. சந்தையில் கூறு கட்டி விற்கிற கொய்யாவை விட்டுவிட்டு ஆப்பிளுக்குக் காசு கொடுக்கிறோம், ஆப்பிளில் வைட்டமின் சி மிகக் குறைவு. நெல்லிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறப் போட்டால் சர்க்கரைதான் அதிகம் உள்ளே போகும், பச்சையாக உப்புத் தொட்டுச் சாப்பிடுங்கள். தினமும் 2000 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக எடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது இன்னும் ஆபத்து.

எங்கள் ஊரில் இத்தனை வெயில் அடிக்கிறதே, வைட்டமின் டி குறையுமா?

குறைகிறது. வெயில் வெளியே அடிக்கிறது, நாம் உள்ளே இருக்கிறோம். காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்குள் போய் இரவு எட்டுக்கு வெளியே வருகிறவருக்குத் திருப்பூர் வெயிலால் என்ன பயன்? கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயிலிலும் பலன் இல்லை, வைட்டமின் டி உண்டாக்குகிற புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதிகாலை வெயிலைவிடக் காலை பதினொன்று முதல் மதியம் இரண்டு வரைக்குமான வெயில்தான் இதற்கு ஏற்றது. கை, கால், முகத்தில் இருபது நிமிடம் முப்பது நிமிடம், வாரத்தில் சில நாள். கறுத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். சாப்பாட்டில் முட்டை மஞ்சள் கருவிலும் மீனிலும் ஓரளவு இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். என் பெரியம்மாவுக்கு மூட்டு வலிக்காக 60,000 யூனிட் பொடிப் பாக்கெட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாரம் ஒன்று, எட்டு வாரம். சீட்டில் இருந்த ஆங்கிலம் யாருக்கும் சரியாகப் புரியவில்லை, எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. அவர் தினமும் ஒன்றைப் பாலில் கலக்கிக் குடித்தார். தீரத் தீர வாங்கி இரண்டு மாதம். வாய் வறண்டு தண்ணீர் தண்ணீராகக் குடித்தார், மலச்சிக்கல், வாந்தி, கடைசியில் தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாத சோர்வு. ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அலமாரியில் அந்தக் காலிப் பாக்கெட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்ததை நானே எண்ணினேன், ஐம்பத்து நான்கு.

வைட்டமின் சி அதிகமானால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது, கொழுப்பில் தங்கும். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும்தான். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் பாக்கெட்டின் மேலேயே 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் எழுதி வையுங்கள்.

துத்தநாக மாத்திரை?

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கட்டாயம் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு தினம் 20 மில்லிகிராம், 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். மற்றபடி பெரியவர்கள் மாதக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, அதிகமானால் உடம்பில் செம்புச் சத்துக் குறைந்துவிடும். கடலை, எள், பயறு, முட்டை, கறியில் இருப்பதே போதும்.

மஞ்சள் ஊரில் இருக்கிறோம். மஞ்சள் பால் குடித்தால் போதாதா?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் எனக்கும் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்காக இல்லாததைச் சொல்லக் கூடாது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் ஆய்வுக்கூடத்தில் அழற்சியைக் குறைக்கிறது, சில கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால் பொடியில் குர்குமின் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான், சாப்பிட்டாலும் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். மிளகோடு சேர்த்தால் கூடுதலாகச் சேரும் என்பது 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தே விழுவதால் நம் சமையல் இதில் முன்னே நிற்கிறது. மஞ்சள் பால் குடித்தால் தொற்று வராது என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான நிரூபணம் இல்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். குர்குமின் மாத்திரை மட்டும் இஷ்டத்துக்குப் போடாதீர்கள், அதிக அளவில் எடுத்துக் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு.

பொடியைவிடக் கிழங்காக வாங்கி மில்லில் அரைப்பது நல்லது. பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பது சில இடங்களில் பிடிபட்டிருக்கிறது.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர், செலவு ரசம் இதெல்லாம்?

ஒன்பது சரக்கு சேர்ந்தது நிலவேம்புக் குடிநீர், பதினைந்து சரக்கு சேர்ந்தது கபசுரக் குடிநீர். டெங்கு, கொரோனா காலங்களில் அரசே கொடுத்தது. சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குக் குடியுங்கள். வருடம் முழுக்கத் தண்ணீர் மாதிரி குடிப்பதும், கர்ப்பிணிகள் கேட்காமல் குடிப்பதும் சரியில்லை. காய்ச்சல் மூன்று நாள் ஆகியும் 'கசாயம் குடிக்கிறேன்' என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். பப்பாளி இலைச் சாறும் அப்படியே. டெங்குவில் ஆபத்து தட்டணுக்கள் குறைவதில் மட்டும் இல்லை, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதில் இருக்கிறது. அதைச் சாறு நிறுத்தாது.

செலவு ரசம் வேறு விஷயம். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டு மருந்துக் கடையில் செலவுச் சாமான், அதாவது ரசத்துக்கான மருந்துச் சரக்குகள், வாங்கி வந்து வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். சுடச் சுடக் குடித்தால் மூக்கடைப்பு விடும், வயிறு லேசாகும். நல்ல வழக்கம், தொடரட்டும். பத்தியம் என்று சொல்லி அவளுக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் கொடுக்காமல் வெறும் ரசத்தில் நிறுத்துவதுதான் தப்பு. பால் கொடுக்கிற தாய்க்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புரதம் வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு எதிர்ப்புச் சக்திக்கு என்ன கொடுப்பது?

சீம்பால். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள். மஞ்சளாக, கொஞ்சமாக வருகிறதே என்று பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள், தாயின் எதிர்ப்பொருள்கள் அதில்தான் செறிந்திருக்கின்றன. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். நாக்கில் இனிப்புத் தொட்டுச் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம். பெரியவர்கள் ஆசையாகத்தான் செய்கிறார்கள், மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுப்பார்கள். அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஒன்பது தவணை. முதல் இரண்டு தவணையோடு பலர் மறந்துவிடுகிறார்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. அடிக்கடி புண், சளி. நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் தேவலையா?

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குவது மந்தமாகிறது. காசநோய் வரும் வாய்ப்பும் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஆகவே உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி மருந்து என்பதே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை மணமானது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது. ஆனால் ரத்தத்தில் ஏறும்போது அதுவும் சர்க்கரைதான். கருப்பட்டியும் அப்படியே.

நைட் ஷிப்ட் பார்க்கிறேன். தூக்கம் கெட்டால் நோய் வருமா?

வரும், அதற்கு நேரடிச் சோதனையே இருக்கிறது. அமெரிக்காவில் 164 பேரை ஒரு வாரம் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று கருவி கட்டிப் பார்த்துவிட்டு, மூக்கில் சளி வைரஸை விட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சளி பிடித்தது. 2015-இல் வந்த ஆய்வு.

ஷிப்டை மாற்றச் சொல்வது எளிது, மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். ஸ்பின்னிங் மில்லில் இரவு வேலை பார்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. முடிந்ததைச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் தூங்குங்கள். வேலை முடிய மூன்று நான்கு மணி நேரம் இருக்கும்போதே டீயை நிறுத்திவிடுங்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று: பகலில் தூங்குகிறவரைக் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று எழுப்பாதீர்கள். பஞ்சுத் தூசியில் நிற்கிறவர்கள் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்காமல் போடுங்கள், தூசி படிந்த நுரையீரலுக்குச் சளி எளிதாக இறங்கும். பீடி சிகரெட் அதற்கு மேல் கேடு.

அப்பாருக்கு 78 வயது. ரசம் சோறு தவிர எதுவும் இறங்குவதில்லை.

வயதானால் எதிர்ப்புச் சக்தி தானாகவே தளரும், அதோடு புரதமும் குறைந்தால் சின்னச் சளியே நெஞ்சில் இறங்கும். முதலில் பல்லைப் பாருங்கள். பல பெரியவர்கள் மெல்ல முடியாமல்தான் ரசத்துக்கு மாறியிருப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். ரசம் சோற்றிலேயே வெந்த பருப்பைக் கடைந்து விடலாம். அரைவேக்காடாக இல்லாமல் நன்றாக வெந்த முட்டையை உதிர்த்துப் போடலாம். ராகிக் கூழில் பால், சந்தகையோடு (இடியாப்பம்) தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக அவ்வப்போது பயறுக் குழம்பு. சைவமாக இருந்தால் பி12 பார்த்துக்கொள்ளுங்கள். அது பால், முட்டை, கறி, மீனில்தான் கிடைக்கும், கீரையில் கிடைக்காது.

ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒன்று, நிமோனியா தடுப்பூசி. இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். தடுப்பூசி குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று இன்னும் நினைக்கிறோம்.

கை கழுவுவதை ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்?

கிருமி உள்ளே வராவிட்டால் எதிர்ப்புச் சக்திக்கு வேலையே இல்லை என்பதால். சோப்புப் போட்டு இருபது விநாடி. சாப்பிடும் முன், கழிப்பறைக்குப் பின், ஆடு மாட்டைத் தொட்ட பின், வெளியிலிருந்து வந்ததும்.

சளிக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் சீக்கிரம் சரியாகுமா?

ஆகாது. சளியும் சாதாரண ஃப்ளூவும் வைரஸ், ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு. கடையில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டால் குடலில் இருக்கிற நல்ல கிருமிதான் சாகும், தப்பிப் பிழைக்கிற கெட்ட கிருமி அடுத்த முறை மருந்துக்கு அடங்காது.

வீட்டு வைத்தியத்தோடு எத்தனை நாள் பார்க்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

சாதாரணச் சளி ஒரு வாரம் பத்து நாளில் விடும். அதுவரை கொள்ளு ரசம், சுக்குக் காபி, ஓய்வு போதும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் போய்விடுங்கள். மூச்சு வாங்கினால், குழந்தைக்கு நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் அன்றைக்கே. டெங்கு காலத்தில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது எதைப் பார்த்தாலும் நேரம் கடத்தாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதுவும் அப்போது வேண்டாம். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, எடை குறைந்து மாலையில் காய்ச்சல் அடித்தாலோ சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு வாங்குவதில்லை. காலையில் எழுந்ததும் வருகிற சளியைக் கொண்டுபோனால் முடிவு தெளிவாக இருக்கும், டப்பாவை முந்தைய நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.